நீர்யானைக்கு ஒரு குறட்டை

பென்சில் வரைந்த நீர்யானைக்கு முதலில் மீசை இருந்தது. மீசைக்குக் கீழே ஒரு வாய் இருந்தது. அந்த வாய் ஓயாமல் பேசியது. அந்த நீர்யானைதான் குளத்துக்குக் காவல்காரர். தவளையோ வாத்தோ நண்டோ, யார் என்ன தப்புச் செய்தாலும் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதி, மீசையை நீவிவிட்டு, நீளமாக ஒரு அறிவுரை சொல்லாமல் விடமாட்டார்.

பென்சில் என்பது கார்ட்டூன் போடுகிற ஒரு பெண். சின்ன வயதில் கையில் பென்சில் இல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. உடம்பும் அதற்கேற்ற மாதிரி இருந்ததால் வீட்டில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது தலையில் நரைமுடிகூட எட்டிப் பார்க்கிறது, பெயர் மட்டும் போவதாயில்லை.

ஒரு கார்ட்டூன் தொடரைச் சேனலுக்கு விற்க வேண்டுமென்றால் முதலில் மாதிரிக்கு ஒரே ஒரு பகுதியைச் செய்து காட்ட வேண்டும். பைலட் என்பார்கள். அதைப் பென்சில் தன் வீட்டிலேயே செய்தாள். படுக்கையறைத் துணி அலமாரிதான் ஒலிப்பதிவுக்கூடம்; தொங்குகிற சட்டைகளும் போர்வைகளும் எதிரொலியை விழுங்கிவிடும். நீர்யானைக்குக் குரல் கொடுக்க ஆள் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. சித்தப்பா இருந்தார்.

சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தன் காலடியில் ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவார். கிளட்ச்சில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எங்கே எழுந்து ஓட முடியும்? அறிவுரை சொல்லும் நீர்யானைக்கு அவரை விட்டால் ஆள் ஏது! உண்மையைச் சொன்னால், பென்சில் அந்த நீர்யானையை வரைந்ததே அவரைப் பார்த்துத்தான். அதை அவரிடம் சொல்லும் தைரியம் அவளுக்கு இன்றுவரை வரவில்லை.

அலமாரிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சித்தப்பா வெளுத்து வாங்கினார். நடுவில் பென்சில் அடுத்த காட்சியின் தாளைத் தேடிக்கொண்டிருந்தபோது, போர்வைகளின் கதகதப்பில் அப்படியே தூங்கிப்போனார். மைக் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதைக் கேட்ட பென்சிலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தக் குறட்டைக்காகவே ஒரு காட்சியைச் சேர்த்தாள்: காவல்காரர் தூங்குவார், குறட்டையில் குளமே அலையடிக்கும், வாத்துக்குஞ்சின் காகிதப் படகு அக்கரைக்குப் போய்ச் சேரும்.

சேனலுக்குப் பைலட் பிடித்துப்போனது. வேலையும் கொடுத்தார்கள், நல்ல ஸ்டூடியோவும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது கூத்து.

சேனலில் குழந்தைகள் பிரிவைக் கவனிக்கும் மேடம் நல்லவர், ஆனால் விடாக்கண்டர். முதல் கூட்டத்தில் நீர்யானையின் நிறம் போனது. சேற்றுக் குளத்தில் பழுப்பு நீர்யானை நின்றால் ஃபோன் திரையில் அது எங்கே என்று தேட வேண்டியிருக்கிறதாம், நீலமாக்கினார்கள். அடுத்த கூட்டத்தில் மீசை போனது. ஒவ்வொரு அசைவிலும் மீசையைத் திரும்ப வரைந்து கைவலி கண்டவர்கள் அதற்குக் கைதட்டினார்கள். பிறகு விசில் போனது. நாளை பொம்மை செய்து விற்கும்போது குழந்தை அதைக் கழற்றி விழுங்கிவிட்டால்? இல்லாத பொம்மையின் விசிலை இல்லாத குழந்தை விழுங்கிவிடும் என்று பெரியவர்கள் அத்தனை பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பயந்தார்கள். பென்சில் பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பரை எடுத்தாள்.

கடைசியில் பைலட்டைக் குழந்தைகளுக்கே போட்டுக் காட்டினார்கள். ஒருபக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேடமும் பென்சிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். நீர்யானை வாயைத் திறந்து அறிவுரையை ஆரம்பித்ததும் ஒருத்தி செருப்பு வாரை ஆராய்ந்தாள், ஒருவன் பக்கத்துப் பையனின் காதுக்குள் எட்டிப் பார்த்தான். வாத்துக்குஞ்சு வந்ததும் தலைகள் நிமிர்ந்தன. குறட்டை வந்ததுதான் தாமதம், விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் மேடம். "வாத்துக்குஞ்சுதான் ஹீரோயின். நீர்யானை இருக்கட்டும். ஆனா பேச வேணாம். தூங்கினாப் போதும்."

பென்சிலுக்கு அழுகை அழுகையாக வந்தது. வீட்டுக்குப் போய்க் கதையைப் புதிதாக எழுதிப் பார்த்தாள். எரிச்சல் என்னவென்றால், புதிதுதான் நன்றாக இருந்தது. கேள்வி கேட்கிற வாத்துக்குஞ்சு முன்னால் வந்ததும் கதை கால் முளைத்து ஓடியது. சரி, கதைக்கு நல்லதுதான். சித்தப்பாவுக்கு யார் சொல்வது?

அவர் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருந்தார். வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், கண்ணாடியைச் சரிசெய்யச் சொல்வதற்கு முன்னால், "டிவியில வரப்போறேன், தெரியுமா?" என்றுதான் தொடங்குவார்.

அந்தக் குறட்டையாவது மிஞ்சும் என்று நம்பியிருந்தாள். அதிலும் மண் விழுந்தது. பைலட் குறட்டைக்குள் மேல்வீட்டுக் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. பிரித்தெடுக்க முடியாது என்று ஒலிப்பதிவாளர் கையை விரித்துவிட்டார். பெயர்பெற்ற ஒரு குரல் நடிகரை வரவழைத்தார்கள். அவர் தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, உணர்ச்சி ததும்பக் குறட்டை விட்டார்.

"இது குறட்டை இல்லம்மா," என்று ஒலிப்பதிவாளர் பென்சிலின் காதில் சொன்னார். "குறட்டையைப் பத்தின சொற்பொழிவு."

கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது குறட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்றார் மேடம். பென்சில் பதறிப்போய், "ஒரே ஒரு தடவை எங்க சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பாக்கலாம் மேடம்," என்றாள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஒருநாள் மட்டும் என்று சம்மதித்தார். அதுவும் சரியாக வராவிட்டால் தொடரில் சித்தப்பா மருந்துக்குக்கூட இருக்கமாட்டார்.

அன்று சாயங்காலமே பென்சில் பயிற்சி வண்டியின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். முதல் கியரிலேயே அவருக்கு வேர்த்துக்கொட்டியது. அவளும் சுற்றிவளைத்துச் சொல்லித் தீர்த்தாள். சித்தப்பா தன் பிரேக்கை அழுத்தினார். வண்டி நடுத்தெருவில் நின்றது.

"அப்ப நான் பேசினது?"

"எதுவும் இல்ல சித்தப்பா. நீர்யானை இப்ப பேசுறதே இல்ல."

"பைலட் முடியறப்ப சொன்னேனே, அந்தக் கடைசி அறிவுரை?"

"அதுதான் முதல்ல போச்சு."

பின்னால் ஹாரன்கள் அலறின. சித்தப்பா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்து பென்சில் பார்த்ததில்லை.

"ஆக, நான் வாயைத் திறக்காம இருந்தாத்தான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க," என்றார் கடைசியில். "உங்க சித்தியும் இதைத்தான் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றா." பிறகு ஒரு பெருமூச்சு. "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? டாக்டர், என்ன வேடிக்கை? வண்டியை எடுங்க!"

மறுநாள் சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கினார். ஸ்டூடியோவுக்குள் கட்டில், தலையணை, போர்வை எல்லாம் தயார். தலைக்கு மேலே மைக். கண்ணாடிக்கு அப்பால் மேடம், ஒலிப்பதிவாளர், பென்சில். சித்தப்பா படுத்தார். புரண்டார். எழுந்து தண்ணீர் குடித்தார். எந்தச் சோபாவில் சாய்ந்தாலும் சாய்ந்த சுருக்கில் தூங்கிப்போகிற மனிதருக்கு, அன்று பொட்டுத் தூக்கம் வரவில்லை. வெட்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு பொய்க் குறட்டை விட்டார். சார்ஜ் இறங்கின வண்டியை ஸ்டார்ட் செய்கிற மாதிரி இருந்தது. ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

பென்சிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடத்தை அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சித்திக்கு ஃபோன் போட்டாள். சித்தி வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

"இவரைத் தூங்க வைக்கவா இத்தனை பேரு மெனக்கெடுறீங்க?" என்றாள். "ஒரு நாற்காலி குடுங்க."

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தச் சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? பிளம்பரைக் கூப்பிடுவீங்களோ நீங்களே பாப்பீங்களோ, ஒரு முடிவைச் சொல்லுங்க. வாஷர் மட்டும் மாத்தினாப் போதுமான்னு கேட்டா..."

"ம்..." என்றார் சித்தப்பா.

"வாளி வைக்கிறேன், அது ரொம்புது. கொண்டுபோய் ஊத்துறேன், மறுபடி..."

வாளி மறுபடி ரொம்புவதற்குள் வந்துவிட்டது குறட்டை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, உச்சியில் ஒரு கணம் நின்று, விசிலடித்துக்கொண்டே இறங்கும் அசல் குறட்டை. ஒலிப்பதிவாளர் இரண்டு கைகளையும் தூக்கிச் சத்தமில்லாமல் கும்பிட்டார். மேடம் பையை மெல்லக் கீழே வைத்தார்.

வேலை முடிந்தது, சித்தி எழுந்து வரவேண்டியதுதானே? வரவில்லை. மைக்கும் கண்ணாடியும் அவளுக்கு மறந்தே போயிருக்க வேண்டும். போர்வையை இழுத்து அவருடைய காலை மூடினாள். வீட்டில் தினமும் செய்கிற வழக்கம்போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு தூங்குகிறவரிடம் பேச ஆரம்பித்தாள்.

"நாள் பூரா கத்திட்டு வர்றீங்க, தொண்டை என்னத்துக்கு ஆகும்? உங்க பேச்சை எடுத்துட்டாங்கன்னு எனக்கும்தான் மனசு ஆறலை. அலமாரிக்குள்ள நீங்க பேசினப்ப நான் வெளியே நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். நல்லாத்தான் பேசினீங்க. சொன்னா உங்களைக் கையில பிடிக்க முடியாதே, அதான் சொல்லலை." கொஞ்சம் நிறுத்தி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "தூங்குங்க. குளம் எங்கயும் ஓடிடாது. நான் பாத்துக்கறேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பென்சிலுக்குக் கண்ணீர் முட்டியது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தக் கடைசி வரி," என்றார். "ஒவ்வொரு பகுதியும் அதுலதான் முடியணும். நீர்யானை தூங்குது. யாரோ ஒருத்தர் பேசுறாங்க. யாருன்னு காட்ட வேணாம்."

அதுதான் தொடரில் நடந்த கடைசி மாற்றம். அறிவுரை இருந்த இடத்தில் அந்த வரி போய் உட்கார்ந்துகொண்டது. எழுதி எழுதிக் கிழித்த அந்த அறிவுரைக்காகப் பென்சில் எத்தனையோ நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அது போனதில் இப்போது அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை.

கேட்டபோது சித்தியின் முகம் சிவந்துவிட்டது. கடைசி வரியை மட்டும் போட்டுக்கொள்ளச் சம்மதித்தாள். "மத்ததை அழிச்சிடு. அவர்கிட்ட மூச்சு விடாதே," என்று தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அழித்துவிட்டதாகத்தான் பென்சில் சொல்லிக்கொள்கிறாள்.

தொடர் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா வீட்டில் நிற்க இடமில்லை. அவரிடம் ஓட்டக் கற்றவர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். பல் டாக்டர் தானே வண்டி ஓட்டி வந்து, கேட்டில் லேசாக ஒரு இடி இடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"பேச்செல்லாம் யார் வேணா பேசிடலாம்," என்று சித்தப்பா எல்லோருக்கும் விளக்கினார். "குளத்தையே அசைக்கணுமே, அதுக்குத்தான் நான்."

நீல நீர்யானை, மீசையில்லாமல், விசிலில்லாமல் வந்து படுத்தது. குறட்டை கிளம்பியது, அலையடித்தது, வாத்துக்குஞ்சின் படகு பறந்தது. வீடே கைதட்டியது. சித்தப்பா எழுந்து நின்று வணக்கம் வைத்தார். வைத்த கை இறங்குவதற்குள் கடைசிக் காட்சி வந்தது.

"தூங்குங்க. குளம் எங்கயும் ஓடிடாது. நான் பாத்துக்கறேன்."

"யாரு சார் இது? குரல் நல்லா இருக்கே," என்றார் பல் டாக்டர்.

சித்தப்பா திரும்பிச் சித்தியைப் பார்த்தார். சித்தி அவசர அவசரமாகக் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதை எப்ப சொன்னே?"

"நீங்க தூங்கினப்ப."

"தினமும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவியா?" அவர் டம்ளர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "வேற என்ன சொன்னே?"

"வேற என்ன? குழாயைப் பத்தித்தான்," என்று டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள்.

மதியம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு சித்தப்பா சோபாவில் சாய்ந்தார். கண்ணை மூடினார். சார்ஜ் இறங்கின வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. காதை மட்டும் கூர்மையாக வைத்துக்கொண்டு படுத்திருந்தார் மனிதர். பென்சில் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

"ஏங்க, குழாயைத்தான் சரிபண்ணிட்டீங்க. இப்ப அந்தக் குளியலறைத் தாழ்ப்பாள் மாட்ட மாட்டேங்குது. திருகாணி தேஞ்சுபோச்சா, இல்ல கதவே இறங்கிடுச்சான்னு..."

திருகாணியைத் தாண்டவில்லை, அசல் குறட்டை வந்துவிட்டது. பாவம், எவ்வளவு ஆசையாகப் படுத்தார்!

சித்தி போர்வையை எடுத்து அவர் காலை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். பென்சில் எழுந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.