முன்னறிவிப்பின்றிப் பணியிடத்தை விட்டுச் சென்றவர்

தன் சாவுக்கு வந்த மாலைகளைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டு, மேளக்காரர்களுக்குத் தானே டீ சொல்லி அனுப்பி, தன்னை வைப்பதற்காக வந்த ஐஸ் பெட்டியின் மேலேயே சாய்ந்து மூச்சு வாங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் திருவொற்றியூர்க்காரர். அன்று கூடிய கூட்டத்தில் எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரி வரிசை மீஞ்சூரைத் தாண்டி ஆந்திராவுக்குள் போய்விட்டது. வரிசையின் வாலில் நின்ற டிரைவர் தெலுங்கு கற்றுக்கொண்டு, அங்கேயே பெண் பார்த்து நிச்சயமும் செய்துகொண்டார். நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வீட்டுக்குள் நடந்தது இருக்கிறதே, அதை எல்லோரும் நம்புவீர்கள். அது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

காலை ஏழரை மணி. ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் செங்கொடியின் வாசலை அடைத்துக்கொண்டு அவள் நாத்தனார் வேம்பு நின்றாள். கையில் பித்தளைத் தட்டு. அதில் மஞ்சள், குங்குமம், நாலு முழம் மல்லி, இரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். படிக்கட்டு முழுக்கத் தெருப் பெண்கள். கடைசியாக ஒரு தடவை பூவும் பொட்டும் வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, அழகு பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கி உடைக்க வந்திருந்தார்கள். சும்மா பிடுங்கினால் சடங்குக்கு ருசி இல்லை. கொடுத்துவிட்டுப் பிடுங்க வேண்டும்.

“ஜுபைர் வந்து சொல்லி இன்னியோட பதினாறு நாளு. கைய நீட்டு, செங்கொடி.”

செங்கொடி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். “கைல வேல கீது அண்ணி.”

“உன் புருசன் செத்துட்டான்மே!”

“யாரு சொன்னா?”

“ஜுபைரு சொன்னான். கூடவே லாரில குந்திகினு இருந்தவன் அவன். அந்த வெடில அவனுக்கு ஒரு காதே பூட்ச்சி.”

“அவன் பேச்ச கம்பெனி ஒத்துக்கல. அத்த வெச்சி உடம்ப அனுப்ப முடியாதுன்றாங்க. அதே பேச்ச வெச்சி என் வளையல மட்டும் ஒடைக்கலாமா?”

வேம்பு தட்டை இன்னும் முன்னால் நீட்டினாள். பிறகு உலகத்தின் எல்லா வேம்புகளும் சொல்வதைச் சொன்னாள். “வளையல் ஒடைக்கறதுக்கு எந்த ஊர்லமே லெட்டர் கேட்டாங்க?”

எந்த ஊரிலும் கேட்டதில்லை. லெட்டர் கேட்பது உடம்பைக் கேட்டுப் போனவர்களிடம்தான்.

செங்கொடியின் கணவன் பகலவன் மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். தேரடிக்குப் பின்னால் மாடிவீடு வைத்திருக்கும் ஏஜென்ட் அசோகன் ஒருநாள் அவனிடம், “அதே வேலைதான் பகலவன். டப்பாவுக்குக் காவல். டப்பா ஃபாரின்ல இருக்கு, அவ்வளவுதான்” என்றார். அந்த நாட்டில் சண்டை நடப்பதை அவர் சொல்லவில்லை. நாட்டின் பெயர் வாயில் நுழையாததால் யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. ‘பொன்கழுகு பாதுகாப்புச் சேவை’ என்ற கம்பெனி பகலவனுக்கு முதல் வாரம் டார்ச் லைட் கொடுத்தது. இரண்டாம் வாரம் தடி கொடுத்தது. மூன்றாம் வாரம் துப்பாக்கியைக் கொடுத்து, நாலாம் வாரம் சண்டை நடக்கும் இடத்துக்கே லாரியில் ஏற்றியது. எதிரே நின்று சுட்டவன் சட்டையிலும் அதே பொன்கழுகு இருந்ததாக ஜுபைர் சத்தியம் செய்தான். இரண்டு பக்கத்துக்கும் ஆள் அனுப்பும் கம்பெனியாம். மத்தியானம் வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுவிட்டு, ஒரே மெஸ்ஸில் வரிசையில் நின்று சாப்பிட வேண்டியதுதான்.

பகலவன் செத்து நாலு மாதம் ஆகிறது. ஊரில் மீன் ஏற்றுமதி செய்கிற மாதிரியான குளிர் கன்டெய்னரில் அவனை வைத்திருப்பதாக ஜுபைர் சொன்னான். வாழ்நாளெல்லாம் கன்டெய்னருக்குக் காவல் இருந்தவன், இப்போது உள்ளே. ஏஜென்ட் ஒரு கையெழுத்துப் போட்டால் உடம்பு ஊருக்கு வரும். செங்கொடிக்கு வேண்டியது அது ஒன்றுதான். இந்தப் பதினாறு நாளில் அசோகன் வீட்டுக்குப் பதினொரு தடவை நடந்துவிட்டாள்.

“நீ புரிஞ்சிக்கணும்மா,” என்று அவர் ஒவ்வொரு தடவையும் விளக்குவார். “அவன் சோல்ஜர் இல்ல. சோல்ஜர்னா சண்டையில சாகலாம். தொழிலாளியும் இல்ல. தொழிலாளின்னா விபத்துல சாகலாம். அவன் சர்வீஸ் பார்ட்னர். பார்ட்னர் சாகறதுக்கு அக்ரிமென்ட்ல எடமே இல்லையே!”

சாக இடமில்லாததால் கம்பெனி வேறு ஏற்பாடு செய்திருந்தது. ‘திரு. பகலவன் முன்னறிவிப்பின்றிப் பணியிடத்தை விட்டுச் சென்றவராகக் கருதப்படுகிறார்’ என்று லெட்டர் வந்தது. ஆட்சேபம் இருந்தால் படிவம் பதினேழு. அதில் சாட்சி சொல்பவர் சம்பவ இடத்தில் இருந்திருக்கக் கூடாது. இருந்திருந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். கடைசிப் பக்கத்தில், வேலையை விட்டதை உறுதி செய்ய, பகலவன் நேரில் வந்து மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும்.

“அவரு எப்டி வருவாரு?” என்று செங்கொடி கேட்டாள்.

“அதான் பாரு, ஒத்துழைக்க மாட்டேங்கறான்,” என்றார் அசோகன் வருத்தத்தோடு.

வாசலில் வேம்பு தட்டை நீட்டியபடியே நிற்க, கீழே சாலையில் மேளம் கேட்டது. சாவு மேளம், ஆனால் இந்தத் தெருவுக்குள் வராமல் தேரடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டில் கடைசியாக நின்றவள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“வேம்பக்கா! டி.எச். ரோட்ல பேனர் வெச்சிகீறாங்க. ஏஜென்ட்டு அசோகன் பூட்டாராம்!”

வேம்பின் முகம் மாறியது. பேனர் சொன்னவளே அவள்தான். தம்பிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டுமென்று ஃப்ளெக்ஸ் கடை பீம்ராவுக்கு முந்தின நாள் போன் செய்தாள். தம்பி பெயரைச் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. “அந்தப் போட்டோல கீறவருக்குத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாட்ஸப்பில் படத்தை அனுப்பினாள். பகலவனின் கடைசிப் படம் அது ஒன்றுதான். விமான நிலையத்தில் எடுத்தது. அனுப்பிவைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் போட்ட மாலையோடு நடுவில் அசோகன். கீழே விளம்பரமாக அவர் பெயர். ஓரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பகலவன். பீம்ராவ் இருபது வருடம் ஃப்ளெக்ஸ் அடித்தவர். அவர் தொழிலில் மாலை போட்டிருப்பவர் இறந்தவர். மாலை போடாதவர் வருந்துபவர். எனவே அசோகன் முப்பது அடி உயரத்தில் சிரித்தார். ‘கடல் கடந்து வாழ்வு தந்த கைராசிக்காரரே, எங்கே சென்றீர்?’ கீழே வருந்துவோர் வரிசையில் தபால்தலை அளவுக்குப் பகலவன். மேளக்காரருக்கும் ஐஸ் பெட்டிக்காரருக்கும் பீம்ராவே வழக்கம்போலத் தகவல் கொடுத்துவிட்டார்.

“ஐயோ, தப்பாயிட்ச்சே! போன் போட்டு நிறுத்து!” வேம்பு பதறினாள்.

செங்கொடி அடுப்பை அணைத்தாள். கம்பெனி லெட்டரும் படிவமும் இருந்த பையை எடுத்தாள். “போன் வாணாம் அண்ணி. நேர்லயே போலாம்.”

அசோகன் வாயில் பேஸ்ட் நுரையோடு வெளியே வந்தபோது அவர் வீட்டு வாசலில் அறுபதாயிரம் பேர் நின்றார்கள். அறுபது என்பவர்கள் பின்னால் நின்றவர்கள். ஒருவர் அவர் கழுத்திலேயே மாலையைப் போட்டு, அவர் தோளிலேயே சாய்ந்து, அவருக்காக அழுதார். மாலைகள் வந்துகொண்டே இருந்தன. கண்ணு மட்டும் தெரிகிற மாதிரி நின்றார் மனிதர்.

“யோவ், நான் உயிரோட இருக்கேன்யா!”

“அத்தல்லாம் எங்களுக்குத் தெரியாது சார்,” என்றார் மேளக்காரர். “பேனர் கீது, பொட்டி வந்துட்ச்சி. எத்தினி மணிக்கு எடுக்கறீங்கோ?”

அவரைச் சமாதானப்படுத்த அசோகன் எட்டு டீ சொல்லி அனுப்பினார். சாவு வீட்டில் செத்தவரே டீ சொல்வது நல்ல மரியாதை என்று மேளக்காரர்கள் பாராட்டினார்கள். வெயிலும் மாலைப் பாரமும் தாங்காமல் அவர் ஐஸ் பெட்டியில் சாய்ந்தார். “பாரு, பாவம், தானே போய்ட்டாரு,” என்றது கூட்டம்.

செங்கொடி முன்னால் வந்தாள். “அண்ணா, நீங்க உயிரோட கீறதுக்கு இன்னா ப்ரூஃப்?”

“கண்ணு இல்லையா உனக்கு? நிக்கறேன் பாரு! இத்தனை பேரு பாக்கறாங்க!”

“இவுங்கள்லாம் சம்பவ எடத்துல கீறாங்களே. இவுங்க சாட்சி செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்கோ?”

“பேசறேன்ல?”

“செத்தவங்க பேசக்கூடாதுன்னு அக்ரிமென்ட்ல கீதா?”

ஜுபைர் கேட்கிற காதைத் திருப்பினான். “இன்னான்றாரு? உயிரோட கீறாராமா? உடான்ஸு.”

தெரு சிரித்தது. அசோகன் போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். அடுத்த திங்கட்கிழமை இன்னும் பதினொரு பேரை அதே நாட்டுக்கு ஏற்றப்போவது ஞாபகம் வந்தது. போலீஸ் வந்தால் எதற்கு, எங்கே என்று கேட்கும். போனை லுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

“கையெழுத்துப் போடுங்கண்ணா. அவரு உடம்பு வரணும்.”

“முடியாதும்மா. செத்தான்னு நான் எழுதினா, சண்டைக்கு ஆள் அனுப்பினேன்னு ஆகும். அவன் ஓடிப்போனவன். அவ்வளவுதான்.”

அப்போதுதான் வேம்பு தட்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தம்பியை ஓடிப்போனவன் என்றது அவள் காதில் விழுந்திருந்தது.

“பொணத்தாண்ட பேசி இன்னா ஆவப்போவுது? பொண்டாட்டி எங்க?”

கதவோரம் நின்ற அசோகனின் மனைவி நர்மதா உள்ளே போவதற்குள் வேம்பு அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அக்கா, வுடுங்க! அவரு அங்கதான நிக்கறாரு!”

“நின்னா இன்னா? ப்ரூஃப்பு, படிவம்லாம் ஆம்பளைங்களுக்கும்மா. நமக்கு அந்த பேஜாரே கெடையாது. ஒரு பேனர் போதும். கைய நீட்டு.”

பச்சை வளையல்கள் ஒவ்வொன்றாக நர்மதாவின் கையில் ஏறின. கூட்டத்தில் சிரிப்பு நின்றது. வேம்பு இப்படி எத்தனையோ கைகளைப் பிடித்தவள். அதில் ஒரு கை அவளுடைய அம்மாவுடையது. உள்ளே நாடி படபடவென்று அடிப்பது அவள் விரலில் பட்டது இதுதான் முதல் தடவை. அவள் பிடி தளர்ந்துவிட்டது. நர்மதா அதைக் கவனிக்கவில்லை. புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

“சொல்லித் தொலையேன்யா! அன்னிக்கு செல்லுல வந்த வீடியோவ பாத்துட்டு வாந்தி எடுத்தியே! ரெண்டு நாளு சோறு துன்னாம செவுத்த பாத்துகினு படுத்திருந்தியே! இன்னான்னு கேட்டதுக்கு ஒண்ணும் இல்லன்னியே!”

மேளக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அசோகன் கை நீட்டிப் படிவத்தை வாங்கினார். கட்டைவிரல் கேட்ட பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு எழுதினார், கையெழுத்துப் போட்டார். காலையில் செங்கொடி வீட்டுப் படிக்கட்டில் நின்ற பெண்களில் ஒருத்தி வேம்பின் காதருகே வந்தாள்.

“அதான் அவரே எழுதிட்டாரே. அப்ப செங்கொடி வளையல...”

“ஏர்போர்ட்டுக்குப் போயி எந்தம்பிய கூட்டிகினு வரப்போறவ அவ,” என்றாள் வேம்பு. “வளையலோடயே போவட்டும். அப்பால எவளாவது தட்டு எடுத்துகினு வந்தீங்க, அந்தத் தட்டாலயே போடுவேன்.”

செங்கொடி தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள். மடிக்கவில்லை. “எழுதுனது கம்பெனிக்கு. வாயால சொல்லுங்க. ஓடிட்டான், ஓடிட்டான்னு தெருபூரா சொன்னீங்கோ இல்ல?”

அசோகன் கழுத்து மாலைகளை விலக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். ஆபீசுக்கு என்று வைத்திருந்த தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது.

“ஓடலம்மா. வெள்ளிக்கெயம மத்தியானம். லாரி மேல குண்டு உயுந்துது. ஜுபைரு எறங்கி ஓடியாறான். பகலவனும் எறங்கிட்டான். அப்பால டிரைவர் மாட்டிகினு கத்தறான்னு திரும்பி ஏறுனான். ரெண்டாவது உயுந்துது. செல்லுல நான் பாத்தேன். பகலவன் செத்துட்டாம்மா.”