காம்பஸ் முள்

...இதுவும் மொண்ணை, விரலில் வைத்து அழுத்தினால் ஒரு குழி விழுகிறது, அவ்வளவுதான், தோல் கிழியவில்லை, வை அதை, அடுத்த பெட்டியை எடு மலர், உனக்கென்ன வெட்கம், வாங்கத்தானே வந்தாய், திருடவா வந்தாய்... கம்போங் ராஜா டவுனில் திருச்செல்வம் கடையில்தான் காம்பஸ் பெட்டிகளைக் கண்ணாடிக்குள் பூட்டாமல் மேசைமேல் பரப்பி வைத்திருப்பார்கள், திறந்து பார்க்கலாம், சுழற்றிப் பார்க்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இன்றைக்குச் சொல்கிறார்கள், வாயால் இல்லை, கண்ணால். திருச்செல்வம் கல்லாவில் உட்கார்ந்து போனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறான். அவனுக்குத் தெரியும், இந்த மலையில் யாருக்குத்தான் தெரியாது, கூடப் படிக்கிற பையனின் கையைக் காம்பஸால் குத்திய பெண்ணின் அம்மா வந்து இன்னொரு காம்பஸ் தேடுகிறாள் என்று. ஆமாம், தேடுகிறேன், அதற்கென்ன? நாளை மறுநாள் என் மகளுக்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம்.மில் எஞ்சினியரிங் வரைபடத் தாள். பழைய காம்பஸ் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது, காய்ந்த ரத்தத்தோடு. அது இல்லாமல் தனுஜா வட்டத்தை வாயாலா வரைவாள்?

முள்ளைப் பார்க்காதேம்மா, தலையில் இருக்கிற திருகைப் பார் என்று சொல்லித்தான் அனுப்பினாள். காலை விரித்து மேசையில் வைத்து அழுத்தணும்மா, விரிச்ச இடத்துலயே நிக்கணும், அகலக் கூடாது, முள்ளு எதுவா இருந்தாலும் பரவால்ல என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை இப்போது. கடைக்கு நீயும் வா என்றால் வரமாட்டாள், டவுனுக்கு வந்தால் ஆள் பார்க்கும். சரி, திருகு, திருகு என்று வேன் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன், ஆனால் பெட்டியைத் திறந்ததும் என் விரல் நேராக முள்ளுக்குப் போகிறது. தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்திரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை, கறை ஏறிக் கறுத்த கை, இந்தத் தோலுக்குள்ளேயே இறங்குகிற முள்ளாக இருந்தால்... இருந்தால் என்ன? அவன் கை என்ன இப்படியா காய்த்திருக்கும், பதினேழு வயசுப் பையன் கை, வெண்ணெய் மாதிரி உள்ளே போயிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் இறங்கிப் பலகையில் குத்தி நின்றதாம். என் புருஷன் இருளப்பன் தன் கையால் இழைத்துக் கொடுத்த வரைபலகை அது, வீட்டில் இருக்கிறது, ஓட்டையை என் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தேன், ஆழம்தான். நான் தடவியதை அவர் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆழமாகத்தான் குத்துவாள், குத்தாமல்? அந்த ராய்ஸ்டன் செய்தது என்ன சின்ன வேலையா? எஸ்.பி.எம்.முக்கு முன்னோட்டமாக வைக்கிற டிரையல் பரீட்சைக்கு முதல் நாள், ஒரு நிமிஷம் தா தனுஜா என்று அவள் காம்பஸை இரவல் வாங்கினான், திருப்பிக் கொடுத்தான், சிரித்துக்கொண்டே கொடுத்தானாம். மறுநாள் பரீட்சையில் ஒரு வட்டம்கூடச் சேரவில்லை. தொடங்கின இடத்துக்குச் சுற்றி வந்தால் கோடு ஒரு நகக்கண் அகலம் விலகி நிற்கிறதாம். அழித்துப் போட்டாள், மறுபடி விலகியது. திருகை இறுக்கிப் போட்டாள், இறுக்கியும் நழுவியது, அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கெடுத்திருக்கிறான் படுபாவி. அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோயிற்று. வகுப்பில் முதலாவதாக வருகிறவள் அந்தத் தாளில் தோற்றுப்போனாள். திருத்திய தாளைக் கொடுத்த அன்றைக்கு அவன் வந்து அவள் பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டு, என்ன தனுஜா, முட்டையா போட்டு வச்சிருக்க என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். அவள் கையில் காம்பஸ் இருந்தது. வேறு என்ன நடக்கும்? என் கையில் இருந்திருந்தால் ஒரு குத்தோடு நின்றிருப்பேனா என்று கேளுங்கள். நானாக இருந்தால் அந்தச் சிரித்த வாயில் குத்தியிருப்பேன்.

அந்தக் காம்பஸுக்கு என்ன குறை வைத்தேன் நான்? கடைக்காரனே நல்ல சாமான் என்று சொல்லிக் கொடுத்தது. டிரையலுக்கு முந்தின வாரம் ஆயுத பூஜை, இருளப்பனின் ஸ்பானர்கள், என் கத்திரி, தையல் மெஷின், அதோடு இவளுடைய காம்பஸ் பெட்டி, எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினேன். படிக்கிற பிள்ளைக்கு அதுதானே ஆயுதம், நல்லா வரணும் என்று கண்ணில் தண்ணீர் வரக் கும்பிட்டேன். அப்படிப் பளபளவென்று போன சாமான் ஒரே வாரத்தில் எப்படிக் கெடும்? ஒருத்தன் கை பட்டால்தான் கெடும். தலைமையாசிரியரிடமும் இதைத்தான் சொன்னேன், சார், பூஜையில வச்ச சாமான் சார் அது என்றேன். அவர் மலாய்க்காரர், பாவம், தலையை ஆட்டினார்.

கதவு திறந்து குளிர் வருகிறது, கூடவே காய்கறி லாரியின் இரைச்சல், அதற்குப் பிறகு செருப்புச் சத்தம், வலது காலை லேசாக இழுத்து வைக்கிற சத்தம்... திரும்பிப் பார்க்காமலே தெரியும், பார்பரா. ராய்ஸ்டனின் அம்மா. எங்கள் தோட்ட லயத்து வீட்டு வரிசையில் மூன்று வீடு தள்ளி இருக்கிறவள், கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி கடையில் நிற்கிறவள், என் பிரசவத்தின்போது என்னோடு ஆஸ்பத்திரிக்கு வேனில் வந்தவள். கிறிஸ்மஸுக்கு அவள் கேக், தீபாவளிக்கு என் முறுக்கு, எல்லாம் போயிற்று. பரீட்சை முடியட்டும், அன்னைக்கே போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுவேன் என்று தலைமையாசிரியர் அறையில் என் முகத்துக்கு நேராகச் சொன்னாளே. பண்ணட்டும். கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் பாலிடெக்னிக்காவது ஒன்றாவது, என் மகளும் என்னை மாதிரி கத்திரியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். அதனால்தான் சொன்னேன், முதலில் உன் மகனை ஒத்துக்கொள்ளச் சொல், நான்தான் திருகைக் கெடுத்தேன் என்று வாயைத் திறந்து சொல்லட்டும், அப்புறம் நாம் பேசலாம் என்று. அவன் கட்டுப்போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி, ஒரு வட்டம் போட்டுட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்" என்றான். ஒன்றும் தெரியாத பாப்பா! விட்டேன் ஒரு அறை. எல்லாரும் பார்க்க, இந்த வலது கையால். அவன் காதைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை, இருக்கிற ஒரு நல்ல கையும் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "பண்ணல ஆன்ட்டி" என்று இன்னொரு தடவை சொன்னான். அந்த இன்னொரு தடவைதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. அவன் தொட்டுக் கெடுத்திருந்தால் என் மகள் திருப்பி அடித்தவள். தொடாமலிருந்தால் என் மகள் யார்? சீ, அந்தக் கேள்வியே வேண்டாம், அவன்தான், அவன் சிரித்தானே.

மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் இந்தக் கறுப்புப் பெட்டியைத் திறக்கிறேன், அவள் அந்த நீலப் பெட்டியைத் திறக்கிறாள். ஒரே தாள், ஒரே நாள், அவனும் எழுத வேண்டுமே. போகிறேனா பார், நீ முதலில் போ, நான் நகர மாட்டேன், உன் முன்னாலேயே இருப்பதிலேயே கூரான முள்ளாகப் பார்த்து வாங்குவேன்... இதோ இது. உள்ளங்கையில் வைத்து அழுத்துகிறேன், வலி சுரீர் என்று முழங்கைவரை ஏறுகிறது, இது நல்ல முள், இது இறங்கும். இதை மடக்கிப் பிடித்து இந்த மேசையைத் தாண்டி ஒரே எட்டில் அவள் தோளில்... என்ன நினைப்பு இது, பேறு காலத்தில் என் தலையைத் தாங்கிப் பிடித்தவள் மேல். ஆனால் நினைப்பு வருகிறது, நான் என்ன செய்ய, சோற்றைப் பிசையும்போது வருகிறது, கொழுந்து வெட்டும்போது வருகிறது, கத்திரியின் இரண்டு அலகும் சேரும் ஒவ்வொரு தடவையும் யாருடைய விரலோ நடுவில் இருக்கிற மாதிரி. வெட்டு, வெட்டு, வெட்டு. தனுஜாவுக்கும் அப்படித்தான் வந்திருக்குமோ? என்னிடமிருந்துதான் போயிற்றோ?

என்ன செய்கிறாள் இவள்? கைக்குட்டையை எடுக்கிறாள். அழப்போகிறாளா, அழு, நன்றாக அழு. இல்லை... கைக்குட்டையைத் தன் வலது கட்டைவிரலில் சுற்றுகிறாள், இறுக்கி, மடங்காத மாதிரி, பல்லால் இழுத்து முடிச்சுப் போடுகிறாள். அப்படியே காம்பஸை எடுக்கிறாள். கட்டைவிரல் மடங்காமல், மற்ற விரல்களால் தலையைப் பிடித்துச் சுழற்றிப் பார்க்கிறாள். கீழே விழுகிறது. எடுக்கிறாள். மறுபடி சுழற்றுகிறாள், பாதி வட்டத்தில் கை திருகிக்கொள்கிறது, நின்றுவிடுகிறது, அந்தப் பெட்டியை மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். ராய்ஸ்டனுக்குத் தையல் பிரித்தாயிற்று என்றார்கள், கட்டைவிரல் மடங்கவில்லை என்றும் சொன்னார்கள், நடிக்கிறான் என்று நான்தான் லயம் முழுக்கச் சொன்னேன். இவள் தன் மகனின் கையை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். முள்ளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, அதைத் தொடக்கூட இல்லை. நான் வந்ததிலிருந்து வேறு எதையாவது பார்த்தேனா? எரிச்சலாக வருகிறது. அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் வருகிறது.

"தம்பி," என்கிறாள் பார்பரா திருச்செல்வத்திடம், குரல் கம்மியிருக்கிறது, "இது கைக்கு நல்லாத்தான் இருக்கு, பிடி பெருசு. ஆனா தலை ரொம்ப இறுக்கமா இருக்குலா. அவனுக்கு ஒரு கையில விரிக்க வராது. ஒரு சொட்டு எண்ணெ விட்டுக்கலாமா?"

"ஐயோ, எண்ணெ மட்டும் வேணாம்க்கா." திருச்செல்வம் போனைக் கீழே வைத்துவிட்டான். "அந்த இறுக்கத்துலதான் காலே நிக்குது. எண்ணெ பட்டுச்சு, அப்புறம் எவ்ளோ டைட் பண்ணாலும் நழுவிரும். வட்டம் சுத்தி வந்து சேராதுலா. நல்ல சாமான வாங்கிட்டுப் போயி எண்ணெ போட்டுக் கெடுத்துட்டு, என்னா தம்பி இப்படி வித்துட்டன்னு எங்கிட்டயே சண்டைக்கு வருவாங்க. கொஞ்சம் பொறுங்க, பின்னாடி வேற இருக்கு, எடுத்துத் தரேன்."

சுற்றி வந்து சேராது... இறுக்கினாலும் நழுவும்... யார் சொன்னது இதை, தனுஜா சொன்னது, இதே வார்த்தை, இறுக்கிப் போட்டேன்மா, அப்பவும் நழுவுதும்மா என்று. அது ராய்ஸ்டன் கெடுத்தது. ராய்ஸ்டன் வாங்கினான், ஒரு வட்டம் போட்டான், கொடுத்தான்... அவன் போட்ட வட்டம் சேர்ந்ததா? யாராவது கேட்டார்களா? நான் கேட்கவில்லை. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், பழைய துணியை விரித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன், ஸ்பானர் முடிந்தது, கத்திரி முடிந்தது, காம்பஸை எடுத்தேன், கால் இரண்டும் விரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது, பிள்ளை பாவம் எப்படித்தான் இதோடு மல்லுக்கட்டுகிறாளோ என்று தலையில், திருகுக்குக் கீழே, தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு, இல்லை, இரண்டு, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து, விரித்து மூடி விரித்து மூடி, எவ்வளவு இதமாகப் போயிற்று! வழிந்ததை முந்தானையில் துடைத்துவிட்டுச் சந்தனம் வைத்தேன். தனுஜாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, எல்லாவற்றுக்கும் செய்கிறதுதானே. எதற்கு எண்ணெய் போட்டாலும் அது நன்றாகத்தானே ஓடும், கத்திரி ஓடவில்லையா, மெஷின் ஓடவில்லையா... பண்ணல ஆன்ட்டி. இரண்டு தடவை சொன்னானே. காதோரம் என் ஐந்து விரலும் சிவந்து கிடந்ததே. என் மகள் யாரைக் குத்தினாள்? ஐயோ, அவள் என்ன நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் வீட்டில், அவன்தான் கெடுத்தான் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதானே சோறு தின்கிறாள், அதையும் பிடுங்கிவிட்டால்...

வாயை மூடு மலர். மூடிக்கொண்டு இந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கு, வேனைப் பிடி, வீட்டுக்குப் போ. எண்ணெய் போட்டது யாருக்குத் தெரியும், சாமி படத்துக்குத் தெரியும், அது எந்த ரிப்போர்ட்டும் எழுதாது.

"தையல் மெஷின் எண்ணெகூடவா?" என்று கேட்கிறது என் குரல்.

"எந்த எண்ணெயா இருந்தா என்னக்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்று பின்கட்டிலிருந்து திருச்செல்வம் சொல்கிறான், அட்டைப்பெட்டி இழுபடும் சத்தத்துக்கு நடுவில்.

பார்பரா தலையைத் தூக்குகிறாள். நான் அவள் மகனை அறைந்த பிறகு அவள் என்னைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆயுத பூஜையன்று பொரியும் கடலையும் தட்டில் வைத்து அவள் வீட்டுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், எல்லாத்தையும் தேய்ச்சுத் துடைச்சு இடுப்பே விட்டுப்போச்சுக்கா என்று அவள் வாசலில் நின்று அலுத்துக்கொண்டேன். அதெல்லாம் ஞாபகம் இருக்குமா அவளுக்கு? கைக்குட்டை சுற்றிய கட்டைவிரல் விறைப்பாக என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் கண்ணில் கோபம் இல்லை, இன்னும் இல்லை, ஏதோ ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிற பார்வை.

"ஏன் கேக்குற மலர்?" என்கிறாள்.

மெதுவாகத்தான் கேட்டாள், பழைய குரலில், என் பெயரைச் சொல்லி. எண்ணெய் போட்டது நான்தான் என்று இவளிடம் சொல்வதா முதலில், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற என் பிள்ளையிடம் சொல்வதா... வெளியே வேன்காரன் ஹார்ன் அடிக்கிறான். என் வலது கை தானாகப் போய் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.