நிற்காத தட்டு

குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக்கூடப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் ஐலா வெளியே வந்தாள். வீட்டுக்குள் ஒரு விளக்கும் எரியவில்லை. டிவி, காபி இயந்திரம், கடிகார ரேடியோ எல்லாவற்றின் வயர்களும் தரையில் கிடந்தன. அப்படியிருந்தும், டிரெய்லர் வீட்டின் பின்புறக் கம்பத்தில் மாட்டியிருந்த மீட்டருக்குள் அந்த அலுமினியத் தட்டு நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. அது வலப்பக்கம் போய் மறையும். அப்பாடா நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இடப்பக்கத்திலிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும்.

மீட்டரில் ஒரு மாயமும் இல்லை. நிறைய மின்சாரம் ஓடினால் தட்டு விரைந்து சுற்றும், குறைவாக ஓடினால் மெதுவாகச் சுற்றும், எதுவுமே ஓடாவிட்டால் நின்றுவிடும். அது பொய் சொல்லத் தெரியாத பிராணி. அப்படியானால் எல்லாவற்றையும் அணைத்த வீட்டில் எது ஓடிக்கொண்டிருக்கிறது? ஜூலை வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு கோடு வருவதையும் போவதையும் பார்த்தபடி நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள் அவள். கோடை விடுமுறையில் சம்பளமும் கிடையாது, நேரத்துக்குப் பஞ்சமும் கிடையாது.

போன ஜனவரியில், பனி தள்ளும் வேலை உச்சத்தில் இருந்தபோது, அவள் கணவன் வெர்னின் லாரியில் கியர் பெட்டி உடைந்தது. வெர்ன் பகலில் மர ஆலையில் வேலை செய்கிறான். ஆனால் விஸ்கான்சினின் வடகோடியில் ஆலைச் சம்பளத்தை வைத்துக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. லாரியின் முகப்பில் இரும்புக் கலப்பையை மாட்டி, ஊரார் வீட்டு வாசல்களில் பனியைத் தள்ளி வரும் காசுதான் அடுப்புக்கும் அரிசிக்கும். அதனால் அவசரத்துக்கு நெடுஞ்சாலை ஓரத்துக் கடன் கடையில் லாரியையே அடகு வைத்து அதே லாரியைப் பழுது பார்த்தான். அந்தக் கடனின் சூட்சுமம் பிறகுதான் புரிந்தது. மாதாமாதம் கட்டுவது முழுக்க வட்டிக்கே போய்விடும். முதல் அப்படியே உட்கார்ந்திருக்கும். மாதக் கடைசியில் கடைக்காரர் புன்னகையோடு கடனைப் புதுப்பித்துக் கொடுப்பார். ஒரு மாதம் தவறினால் லாரி அவருடையது.

கூட்டுறவு வங்கியில் இருந்த ஹோல்ம் அம்மாள் ஒரு வழி சொன்னாள். கடனைத் தங்கள் வங்கிக்கு மாற்றிக்கொள்கிறோம், வட்டி நாலில் ஒரு பங்குதான், கட்டக் கட்ட முதலும் குறையும். ஆனால் மாதம் நூற்றிருபது டாலர் உங்களால் கட்ட முடியும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து அந்தத் தொகையைச் சேமிப்பில் போட்டுக் காட்டுங்கள், பனி விழுவதற்குள் முடித்துக்கொள்ளலாம் என்றாள்.

ஐலாவும் வெர்னும் வீட்டை எலுமிச்சம்பழம் போலப் பிழிந்தார்கள். வெள்ளிக்கிழமை மதுக்கடை மீன் வறுவல் நின்றது. வெர்னின் தலைமுடியை ஐலாவே வெட்டினாள். ஆலையில் ஒரு வாரம் அவனை யாரும் தொப்பியில்லாமல் பார்க்கவில்லை. துணி உலர்த்தும் இயந்திரத்தை மூடிவிட்டுக் கொடி கட்டினாள். எல்லாம் செய்தும் எண்பத்தைந்துதான் தேறியது. கொடி கட்டிய மாதம் கரண்ட் பில் பாதியாகும் என்று நம்பியிருந்தாள். ஏதோ பேருக்குக் குறைந்தது. குறைகிற முப்பத்தைந்து டாலர் அந்தத் தட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வெளியே ஓடி வந்து பார்த்தாள். சமையலறையை அணைத்தாள், தட்டு சுற்றியது. படுக்கையறை, முன்னறை, அப்போதும் சுற்றியது. குளியலறை என்று எழுதியிருந்த சுவிட்சைத் தட்டியதும் கறுப்புக் கோடு கண்ணுக்கு நேரே நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே குழப்பமும் வந்தது. குளியலறையில் இருப்பது ஒரு விளக்கும் ஒரு பிளக் துளையும்தான். விளக்கு அணைந்திருக்கிறது, துளை காலியாக இருக்கிறது.

சாயங்காலம் ஆலையிலிருந்து வந்த வெர்னுக்குக் குழப்பமே இல்லை. குழாயில் ஒரு குவளை தண்ணீர் பிடித்தான், முகத்தைச் சுளித்துக் கொட்டினான், மறுபடி பிடித்தான். கோடை முழுக்க இப்படித்தான், முதல் குவளை வெதுவெதுப்பாகத்தான் வரும்.

"குளியலறைச் சுவரு எந்தப் பக்கம் இருக்கு? மாவிஸ் வீட்டுப் பக்கம். மாவிஸ் புதுசா என்ன வாங்கிருக்கா? ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு ஃப்ரீசர். இதுக்கு மேல என்ன துப்புத் துலக்கணும்?" என்றான்.

மாவிஸ் அடுத்த டிரெய்லரில் தனியாக இருக்கும் அறுபது வயதுக்காரி. கடன் வாங்கிய சர்க்கரையைக் குவித்துத் திருப்பித் தருகிறவள். ஐலாவுக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் மறுநாள் தோட்டத்தில் விளைந்த புளிப்பான ரூபார்ப் தண்டுகள் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனாள். பேச்சுக்கிடையே அவள் கண் ஃப்ரீசரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனது. அது ஒழுங்காக மாவிஸின் சுவரிலேயே முடிந்தது.

"பார்த்து முடிச்சுட்டியா?" என்றாள் மாவிஸ். "வயர் எங்க போகுதுன்னு கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே. அதுக்கு ஒரு கட்டு ரூபார்ப் எதுக்குடி வீணா?"

ஐலாவுக்கு முகம் சிவந்தது. நடந்ததைச் சொன்னாள். மாவிஸ் கோபித்துக்கொள்ளவில்லை.

"உன் புருஷனுக்குத் தலைமுடியோட சேர்த்து மூளையையும் வெட்டிட்டியா நீ? திருடறவ உன் வீட்டுலயா திருடுவேன்? அங்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

தண்ணீர் பல்லைக் கூசச் செய்தது. இரண்டாவது வாய் குடிக்கும்போது ஐலா நிறுத்தினாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, மண்ணுக்கடியில் ஒரே பெரிய குழாய். இங்கே முதல் குவளையே பனிக்கட்டியாக வருகிறது. நம் வீட்டில் மட்டும் ஏன் வெதுவெதுப்பு? வெயில் காரணமென்றால் இரண்டு வீட்டிலும்தானே அடிக்கிறது? கொஞ்சம் ஓடவிட்டால் நம் வீட்டிலும் குளிர்ந்துவிடுகிறது. அப்படியானால் தண்ணீர் சூடாக வரவில்லை. குழாயில் தேங்கி நிற்கும்போது யாரோ அதைச் சூடாக்குகிறார்கள்.

"மாவிஸ், உங்க வீட்டுக்கு அடியில சூட்டு வயர் இருக்கா?"

"இல்லாம? ஏப்ரல்ல ஈஸ்டர் முடிஞ்சதும் பிடுங்குவேன், குளிருக்கு முன்னாடி மான் வேட்டை தொடங்கினதும் சொருகுவேன். ஏன், நீங்க பிடுங்கறதில்லையா?"

சக்கரத்தின் மேல் நிற்கும் வீடுகளுக்கு அஸ்திவாரம் கிடையாது. மண்ணிலிருந்து தண்ணீர்க் குழாய் மேலேறி வீட்டின் வயிற்றுக்குள் நுழையும் இடம் திறந்த குளிரில் நிற்கும். அதனால் குழாயைச் சுற்றி ஒரு சூட்டு வயரைப் பாம்பு போலச் சுருட்டி, மேலே பஞ்சைப் போர்த்தி விடுவார்கள். குளிர் வந்தால் அதுவே சூடாகும், குளிர் போனால் அதுவே அணையும். அப்படி அணைக்க வயரின் தலையில் புளியங்கொட்டை அளவில் ஒரு உணர்வுப் பொத்தான் இருக்கும். அந்தப் பொத்தான் செத்துவிட்டால் வயருக்குக் கோடை தெரியாது.

ஐலா வீட்டின் அடியை மூடியிருந்த தகரத்தில் ஒன்றைக் கழற்றி, டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தாள். சிலந்தி வலையும் எலிப் புழுக்கையும் அவளை ஒன்றும் செய்யவில்லை. குளியலறைக்கு நேர் கீழே, உத்தரத்தில் ஒரு பிளக் துளை. வீட்டைக் கட்டியவர்கள் குளியலறை வயரையே கீழே இழுத்து அதை வைத்திருந்தார்கள். அதில் சொருகியிருந்த வயர் பஞ்சுக்குள் போயிற்று. பஞ்சுக்குள் கையை விட்டாள். ஜூலை மாதத்தில், தண்ணீர்க் குழாய் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போலச் சுட்டது. பிளக்கைப் பிடுங்கினாள். வெளியே வந்து, முழங்காலில் மண்ணோடு, மீட்டரைப் பார்த்தாள். தட்டு நின்றிருந்தது.

வெர்ன் மகிழ்ச்சியில் குதிப்பான் என்று நினைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான், பிறகு காலணியைப் பார்த்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் அந்தக் குழாய் உறைந்து வெடித்தது. வெர்ன் அடியில் மல்லாந்து படுத்து, கையில் முடி உலர்த்தியைப் பிடித்துக்கொண்டு, வெடித்த இடத்தைத் தேடியிருக்கிறான். மேலே கொட்டிய தண்ணீர் அவன் சட்டையிலேயே உறைந்தது. இடது கையின் இரண்டு விரல் நுனிகளுக்கு இன்றுவரை உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு புது வயர் வாங்கிச் சொருகியவன், பிடுங்குவதைப் பற்றி நினைத்ததே இல்லை.

"ஈஸ்டருக்குப் பிடுங்கி, வேட்டைக்குச் சொருகறதெல்லாம் மாவிஸுக்குச் சரி. நான் ரெண்டு ஷிப்ட்டு ஆலையில இருப்பேன், நீ பள்ளிக்கூடத்துல இருப்ப. அக்டோபர்ல ஒரு ராத்திரி திடீர்னு விழும் குளிரு. ஒரே ஒரு ராத்திரி மறந்தா போதும் ஐலா. முப்பத்தஞ்சு டாலருக்காக நான் மறுபடி அங்க போய்ப் படுக்க மாட்டேன்."

அவன் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னது நியாயம்தான் என்பது ஐலாவுக்குத் தெரிந்தது. மறந்துபோகும் என்றால் அது வழி ஆகாது. மனிதனின் நினைவை நம்பாத ஒன்று வேண்டும்.

ஊர் இரும்புக் கடையில் அது இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் கட்டி, பின்னால் பிளக் கால்கள், முன்னால் இரண்டு துளைகள். உள்ளே இரண்டு வேறு வேறு உலோகத் தகடுகளை ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். குளிர்ந்தால் ஒரு தகடு மற்றதைவிட அதிகமாகச் சுருங்கும். ஒட்டியிருப்பதால் இரண்டும் சேர்ந்து வளையும். வளைந்து முனையைத் தொட்டதும் மின்சாரம் ஓடும். சூடானால் நிமிர்ந்து விலகும், மின்சாரம் நிற்கும். இதற்கு நினைவும் வேண்டாம், காலண்டரும் வேண்டாம். பதினைந்து டாலர். கூட ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் வாங்கினாள்.

"பெட்டியில எழுதிருந்தா நம்பிடறதா?" என்றான் வெர்ன்.

"நம்ப வேண்டாம். பார்ப்போம் வா."

மாவிஸின் ஃப்ரீசருக்குள், உறைந்த மான்கறிப் பொட்டலங்களுக்கு நடுவே, நீட்டு வயரின் முனையில் அந்தக் கட்டியை வைத்தார்கள். அதில் சிவப்பு விளக்கைச் சொருகி மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்து மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை. வெர்ன் நிமிர்ந்தான். மாவிஸ் காபி போட்டாள். காபி பாதியில் இருந்தபோது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஃப்ரீசரின் விளிம்பு சிவந்தது.

வெர்ன் கட்டியை வெளியே எடுத்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்தான், கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டிக்'. விளக்கு அணைந்தது. மறுபடி உள்ளே வைத்தான். மறுபடி எரிந்தது. ஐந்தாவது தடவை மாவிஸ் மூடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும் தம்பி, என் கறி உருகுது. என் ஃப்ரீசர்மேல பழி போட்டதுக்கு என் ஃப்ரீசரே உனக்குச் சாட்சி சொல்லிருச்சு. இனிமே என்னைத் திருடின்னு சொன்னா, ஊர்ல எல்லாருக்கும் உன் தலைமுடி வெட்டினது யாருன்னு சொல்லிருவேன்."

வெர்ன் சிரித்தான். பல மாதங்களாக ஐலா கேட்காத சிரிப்பு அது. செத்த பொத்தானோடிருந்த பழைய வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆலை நண்பனிடம் மிச்சமிருந்த நல்ல வயர் ஒன்றை அவனே அடியில் படுத்துச் சுற்றி, வெள்ளைக் கட்டியின் ஒரு துளையில் அதையும் மற்றதில் சிவப்பு விளக்கையும் சொருகினான். வெளியே வந்தபோது தகரத்தில் ஒரு துளை போட்டு, சிவப்பு விளக்கு வாசலிலிருந்து தெரியும்படி வைத்திருந்தான். இது மட்டும் அவன் யோசனை.

ஆகஸ்டில் வந்த பில்லை ஐலா சமையல் மேடையிலேயே நின்றபடி படித்தாள். எதிர்பார்த்ததைவிட இரண்டு டாலர் கூடவே குறைந்திருந்தது. நூற்றிருபது வங்கிக்குப் போயிற்று. செப்டம்பரிலும் போயிற்று. அக்டோபரில் வெர்னின் பற்சொத்தை குறுக்கே வந்தது. அவன் கிராம்பைக் கடித்துக்கொண்டு, ஆலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வேலை பார்த்துப் பல்லையும் பிடுங்கிக்கொண்டான். அந்த மாதமும் நூற்றிருபது போயிற்று. நவம்பர் முதல் வாரத்தில் ஹோல்ம் அம்மாள் கடன் கடைக்குக் காசோலை அனுப்பினாள். கடைக்காரர் லாரியின் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது புன்னகைக்கவில்லை என்று வெர்ன் வந்து சொன்னான். அதை அவன் இரண்டு தடவை சொன்னான். இனி கட்டுகிற ஒவ்வொரு தவணையிலும் முதல் குறையும். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் மாவிஸையும் கூட்டிக்கொண்டு மூவரும் போய் மீன் வறுவல் சாப்பிட்டார்கள்.

முதல் பனி ஒரு விடிகாலையில் விழுந்தது. வெர்ன் கலப்பையை மாட்டிய லாரியைக் கிளப்பினான். காசு வாங்காமல் முதலில் மாவிஸின் வாசலைத் தள்ளினான். அவள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், என்று கையை ஆட்டினாள். லாரியின் மஞ்சள் விளக்கு சாலை வளைவில் மறையும்வரை ஐலா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். காற்று மூக்கைக் கிள்ளியது. காலடியில், வீட்டின் வயிற்றுக்குள் எங்கோ, 'டிக்' என்றது. தகரத் துளை வழியாகப் பனியின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது.

தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் உறையும். அந்த விளக்கும் குழாயைச் சுற்றிய வயரும் முப்பத்தைந்திலேயே உயிர்பெறும், நாற்பத்தைந்தில் தானாக அணையும்.