தண்ணீர் கேட்காத தோட்டம்

ராட்டினத்தில் கயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரத்னம்மா இழுத்தாள், சென்னம்மா குடத்தை வாங்கிக்கொண்டுபோய்ப் புல்தரையில் ஊற்றினாள். நாற்பது குடத்துக்கு ஒருமுறை இருவரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள். திருப்பதி போகும் சாலையில் இருந்த அந்த முசாபரி பங்களாவில், வழிப்பயணமாக வரும் அதிகாரிகள் ஓரிரு நாள் தங்கிப் போவார்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊட்டியிலிருந்து புல் வரவழைத்து முன்வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தான். சித்திரை வெயிலில் ஒருநாள் தண்ணீர் காணாவிட்டால் அதன் முனை கருகிவிடும். அந்தப் புல்லுக்காகத்தான் இந்த இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷமாக வேலை.

"மாடு கூட இதத் துன்னாது. இதுக்கு எரநூறு கொடம்" என்றாள் சென்னம்மா.

"துன்னாத வரைக்கும் நல்லதுதான், ஊத்து மே."

சாயங்காலம் ஆளுக்கு இரண்டு குடம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். யாரும் அதை உத்தரவாகச் சொன்னதில்லை. மேஸ்திரி ரங்கையா அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அவர்கள் தெருக் கிணறு தை மாதமே வற்றிவிட்டது. ஊர்க் கிணற்றில் அவர்கள் தெருவார் குடம் இறக்கக் கூடாது. ரத்னம்மாவின் மகள் கமலம்மா பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு குடத்துக்குள்தான் சோறும், துணியும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும்.

ஓவர்சியர் அன்றைக்கு நாடாவும் நோட்டுமாக வந்தார். ஆந்திரா தனியாகப் பிரிந்து ஆறாவது வருஷம் அது. காகிதங்கள் எல்லாம் தெலுங்கில் வரத் தொடங்கியிருந்தன. பழைய தோட்டங்களை மாற்றித் தண்ணீரையும் ஆள் செலவையும் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவர் புல்தரையை அளந்தார். பிறகு குடத்தோடு நின்ற ரத்னம்மாவைப் பார்த்து, "ஏமம்மா, நீள்ளு போயகபோயினா சாவனி செட்டு ஏதி?" என்றார். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாத செடி எது என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி, அவரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். கத்தாழையைக் காட்டினாள். சப்பாத்திக்கள்ளியையும், அரளியையும், சுவர் வெடிப்பில் பூத்திருந்த நித்தியகல்யாணியையும் காட்டினாள்.

"இதுங்களுக்கு நானு ஒரு நாளு கூட ஊத்தினதில்ல சார். அதுங்க பாட்டுக்குக் கீது. இது கோடையில இன்னும் நல்லாப் பூக்கும்."

ஓவர்சியர் நோட்டைத் திறந்தார். "பேரு?"

"ரத்னம்மா சார்."

"நீ பேரு காதும்மா, செட்டு பேரு."

அவள் பேரை இல்லை, செடியின் பேரைத்தான் கேட்டிருந்தார். சொன்னாள். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இரண்டு செடிகளின் பேரை அவருக்காகத் திருப்பிச் சொன்னாள்.

அவள் கிணற்றடிக்கு வந்ததும் சென்னம்மா கயிற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள். "இன்னாத்தக் காட்னே?"

"தண்ணி கேக்காத செடி எதுன்னாரு. காட்னேன்."

"நல்லாக் காட்னே போ. நாம வாணான்னு நீயே எழுதிக் குடுத்துட்டு வந்துக்கீறே."

ரத்னம்மா குடத்தை நீட்டினாள். மிச்சம் நாற்பத்தெட்டு குடம் இருந்தது.

மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. புல்லை எடுக்கும் வேலையையும் அவர்களுக்கே கொடுத்தார்கள். நாலு நாள் ஆயிற்று. கடப்பாரையால் விளிம்பை நெம்பினால் புல் வேரோடு பாயாகச் சுருண்டு வந்தது. அடியில் மண் ஒரு முழ ஆழத்துக்குக் கறுப்பாய், ஈரமாய் இருந்தது. மண்புழுக்கள் வெயிலில் நெளிந்து சற்று நேரத்தில் அடங்கின. அந்த இடத்தில் ஆற்றுக் கூழாங்கல்லைப் பரப்பி, நடுநடுவே ரத்னம்மா சொன்ன செடிகளை வைத்தார்கள். சமையல்கட்டுப் பின்னாலிருந்து அவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்ததும் அவள்தான்.

"நாளைலேர்ந்து வராதீங்கம்மா. வேல இருந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார் ரங்கையா.

"சாயங்காலம் தண்ணிக்காவது வரட்டா, மேஸ்திரி? பச்சப்புள்ள கீது ஊட்ல."

"கெணத்துக்கு மூடி போட்டுப் பூட்டச் சொல்லிக்கீறாங்க. என் கையில இன்னா கீது?"

அதன் பிறகு ரத்னம்மா விடியுமுன் ஏரிக்குள் போனாள். வறண்ட ஏரியின் நடுவில் தோண்டிய ஊற்றில் பத்துப் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைய, வெயில் ஏறிவிடும். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு புடைத்தது. ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனி மாதம் ரங்கையா ஆள் அனுப்பினார். எந்தெந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்தெந்த ஊர் மெட்ராஸுக்கு என்று பார்க்கும் அதிகாரிகள் பங்களாவில் தங்க வருகிறார்கள். ரத்னம்மா இரண்டு குடத்தையும் இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனாள். வழியில் சென்னம்மா சேர்ந்துகொண்டாள்.

"நம்ம தெருவ எந்தப் பக்கம் போடுவாங்களாம்?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"கேட்டுச் சொல்லு. ஒன்னத்தான் அதிகாரிங்க கேப்பாங்களே."

சாலையில் லாரி போய்ப்போய்க் கூழாங்கல் எல்லாம் செம்மண் படிந்து கிடந்தது. கத்தாழை தடித்து, ஒன்றுக்கு மூன்றாகப் பக்கக்கன்று விட்டிருந்தது. ரங்கையா கிணற்று மூடியின் பூட்டைத் திறந்தார். தண்ணீர் மேலே வந்திருந்தது. ரத்னம்மா அதற்குமுன் ஒருபோதும் தண்ணீருக்குள் பார்த்திராத நாலு படிகள் இப்போது முழுகியிருந்தன.

"கல்லெல்லாம் கழுவி உடுங்க. பளிச்சுனு இருக்கணும்."

"வேல முடிச்சிட்டு ரெண்டு கொடம் எடுத்துக்கினு போறேன், மேஸ்திரி."

"மொதல்ல கல்லு ஆவட்டும். அப்பறம் பாக்கலாம்."

பங்களாவில் ஒரே ஒரு வாளிதான் இருந்தது. அதைச் சென்னம்மா எடுத்துக்கொண்டாள். ரத்னம்மா தன் குடத்திலேயே மொண்டு ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் கற்கள் கறுப்பும் வெள்ளையும் பச்சையுமாக மின்னின. செம்மண் கரைந்து வாய்க்காலில் ஓடிச் சாலையோரப் புழுதியில் இறங்கியது. வாசல் கேட் வரை கழுவி முடிக்கப் பத்து மணி ஆயிற்று. திரும்பிப் பார்த்தபோது முதலில் கழுவிய பக்கம் காய்ந்து சாம்பல் பூத்திருந்தது.

ரங்கையா தூணருகே நின்று பார்த்தார். "ஈரமா இருந்தாத்தான் நல்லாக் கீது. காரு வர்ற வரைக்கும் ஊத்திக்கினே இருங்க."

"எப்ப வரும்?" என்றாள் சென்னம்மா.

"வரும்."

மறுபடி முதல் கல்லிலிருந்து தொடங்கினார்கள். நடுப்பகல் ஆயிற்று. கல்லிலிருந்து ஆவி எழுந்தது. கார் வரவில்லை. ரத்னம்மா ஒரு குடத்தை ஊற்றிவிட்டு, வீட்டுக்கென்று கொண்டுவந்து, நிரம்பி நின்ற இன்னொன்றைத் தூக்கி அதையும் கல்லின் மேல் சாய்த்தாள்.