நாற்பத்தொன்றாம் புள்ளி

குதிரை மருத்துவர் நூச்சோ பிளாத்தானியாவின் விரல்களை லாடச் சுத்தியலால் நொறுக்குவதற்கு முன்னால், அவர்கள் அவரிடம் ஒரு தாளைக் காட்டினார்கள். அதை வரைந்தவள் நான்.

சிசிலியில், காவல்துறைப் பிரிவு ஒன்றில் எனக்கு வேலை. ஒன்றுக்கொன்று பகையான இரு மாஃபியாக்கள், மேட்டுத்தெருக் கூட்டமும் துறைமுகக் கூட்டமும், ஏழு மாதம் பேசி, நாங்கள் ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்த தொலைபேசி அழைப்புகளை வரைபடமாக்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு புள்ளி, அழைப்புக்கு ஒரு கோடு. ஆணையிடுபவனுக்குச் சிவப்பு, செய்து முடிப்பவனுக்கு நீலம், இரு கூட்டத்துக்கும் நடுவே தூது போகிறவனுக்கு மஞ்சள், சம்பந்தமில்லாதவனுக்குச் சாம்பல் நிறம். நாற்பத்தொன்றாம் புள்ளியை இரு தரப்பின் தலைவர்களும் விடியற்காலையில் அழைத்திருந்தார்கள். மஞ்சள் போட்டேன்.

கேப்டன் லோ வெர்தே மட்டும் கேட்டார். "குதிரை டாக்டர்னு இருக்கேம்மா?"

"அது வெளிவேஷமா இருக்கும் சார்."

இரண்டு கூட்டமும் நெடுஞ்சாலையில் திருட்டுத்தனமாகக் குதிரைப் பந்தயம் ஓட்டுவது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

மே மாதம் கைதுகள் நடந்தன. சட்டப்படி வரைபடம் எதிர்த்தரப்பு வக்கீல்களுக்குப் போனது. அங்கிருந்து, இன்னும் பிடிபடாமல் இருந்த மெலோ ஸ்குதேரியின் கைக்குப் போனது. அவன் மேட்டுத்தெரு ஆள். இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு நண்பகலில் நூச்சோ இருந்த லாயத்துக்குள் நுழைந்தான்.

"எங்க பேச்சையெல்லாம் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினியாடா?"

குதிரையின் காலைத்தான் பார்த்தேன் என்றார் நூச்சோ. அந்தப் பதிலுக்கு ஒரு விரல். மறுபடி கேட்டார்கள், அவரும் அதையே சொன்னார். வலது கையில் விரல்கள் தீர்ந்ததும், அவர் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த பெண்குதிரையைக் கழுத்தில் சுட்டார்கள். அது அவர்மேல் விழுந்து, நெடுநேரம் உதைத்துச் செத்தது. அவருடைய இடுப்பெலும்பும் போனது.

அந்தப் படத்தை வரைந்தவள் நான்தான் என்று மருத்துவமனையில் நானே போய் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அந்தப் போன்ல ஒண்ணையாவது காது குடுத்துக் கேட்டீங்களா?"

"இல்லைங்க."

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு அவருக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளையும் கேட்டேன். வீக்கம், காய்ச்சல், வயிற்றுவலி, எல்லாமே குதிரைக்கு. இதற்குள் மெலோவையும் பிடித்திருந்தார்கள். நூச்சோ அவன் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டதால், அவனுக்கு எதிராக இருந்தது என் வரைபடம் ஒன்றுதான். கேப்டன் வாயை மூடிக்கொண்டிரு என்றார். நான் சாட்சிக்கூண்டில் ஏறி, நாற்பத்தொன்று தப்பு என்றேன்.

மெலோவின் வக்கீல் மெதுவாக எழுந்தார். "மீதி அறுபத்திரண்டு புள்ளியில எத்தனைய காதால கேட்டு முடிவு பண்ணீங்க?"

"பதினொண்ணு."

நீதிபதி வரைபடத்தை ஏற்க மறுத்தார். செப்டம்பரில் மெலோ வெளியே வந்தான்.

நீதிபதி தள்ளிய படத்தை மேட்டுத்தெரு தள்ளவில்லை. தூது போனது டாக்டர் இல்லையென்றால் வேறு யார் என்று கோடுகளைத் தாங்களே விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். துறைமுகத்தில் பல் கட்டும் ஒருவனை மெலோ ஆறு முறை அழைத்திருந்தான். மெலோவுக்குக் கடைவாயில் பல் இல்லை, அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் பங்கில் அவனுடைய சொந்த ஆட்களே அவன்மேல் ஒன்பது குண்டுகளை இறக்கினார்கள். கடைசி இரண்டும் வாயில்.

நான் போனபோது ரத்தத்தின்மேல் மணல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மெலோவின் மனைவி இம்மாகொலாத்தா என்னை நீதிமன்றத்தில் பார்த்தவள். போலீஸ் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, முகத்தில் அறைந்தாள். உதடு கிழிந்தது. கேப்டன் அவளைப் பிடிக்க ஓடிவந்தார்.

"விடுங்க சார்," என்றேன்.

அவள் மறுபடியும் அறைந்தாள்.