காற்று நகராத கிணறு

டெய்சி அன்று ஏழாம் வகுப்புக்கு வளிமண்டலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று சொல்லிக்கொண்டே வந்து கார்பன் டை ஆக்சைடில் நின்றபோது ஆஷ்லி எழுந்தாள்.

"மிஸ், அது கனமான வாயுன்னா கீழயே தங்கிடாதுங்களா?"

"தங்காது. காத்து கலக்கிக்கிட்டே இருக்கும்."

"காத்தே போகாத எடத்துல?"

"அங்க தேங்கும். பாழுங்கெணறு மாதிரி..."

சொன்ன வாய் அப்படியே நின்றது. தோட்டத்தில் மட்டைகள் விழுந்து அழுகிக் கிடக்கும் பழைய கிணற்றில் இறங்கி மோட்டார் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வைக் கழற்றப்போவதாகக் கணவன் ஜோஸ் காலையில் சொல்லியிருந்தான். டெய்சி ஜன்னல் பக்கம் பார்த்தாள். எந்நேரமும் பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கும் காற்று இன்று இல்லை. ஒரு தென்னங்கீற்றும் அசையவில்லை; புழுக்கம் மட்டும் இருந்தது.

அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். வழியில் தன்னையே திட்டிக்கொண்டாள். ஒன்றும் இருக்காது, போன் வண்டியில் கிடக்கும், பார்த்தால் சிரிப்பான்.

கிணற்று மேட்டில் பக்கத்துத் தோட்டத்து அரங்கசாமி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஜோஸு எறங்குனவன் சரிஞ்சுபோட்டானுங்க அம்மணி. கூப்பிட்டா சத்தமே இல்ல. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சு. நான் போய்த் தூக்கிட்டு வாரேன்."

டெய்சி எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே, பாதிப் படியில், சுவரில் சாய்ந்து கிடந்தான். தலை தொங்கியிருந்தது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்கண்ணா. உள்ள மூச்சு விடக் காத்து இல்ல. நீங்களும் விழுந்துடுவீங்க."

"உடுங்க. கண்ணு முன்னாடி சாகறானுங்க."

"விடமாட்டேன்."

அவர் இழுத்தார். அவள் மண்ணில் உட்கார்ந்து கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டாள். கை எரிந்தது. இறங்கட்டும், யாராவது இறங்கி அவனைக் கொண்டுவரட்டும் என்றுதான் அவள் மனமும் கத்தியது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"வேப்பங்கொம்பை வெட்டிக் கட்டி மேலயும் கீழயும் ஆட்டுங்கண்ணா. போர் மோட்டாரைப் போட்டு ஹோஸ்ல தண்ணி பீச்சணும். காத்தைக் கலக்கோணும்."

அரங்கசாமி அவளை வெறித்துப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். கொம்பை ஆட்டினார்கள், தண்ணீரை அடித்தார்கள். கீழே ஜோஸின் கை ஒருமுறை அசைந்தது போலிருந்தது, இல்லாமலும் இருக்கலாம். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடியும் காற்று சிலிண்டரும் மாட்டிய ஒருவர் இறங்கித் தூக்கி வரும்வரை டெய்சி ஆட்டுவதை நிறுத்தவில்லை.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஜோஸ் கண் விழித்தான். பேச்சு குழறியது, ஆனால் அவளை அடையாளம் தெரிந்தது. தேறிவிடுவான் என்றார் டாக்டர்.

வராந்தாவில் அரங்கசாமி தனியாக உட்கார்ந்திருந்தார். டெய்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க என்னை எறங்க உடாததுதான் சரின்னு அந்த ஃபயர்காரரும் சொன்னாருங்க" என்றார் அவர். "ஆனா எனக்கு இன்னும் உங்க மேல கோவந்தானுங்க வருது."

"எனக்கும் என் மேல வருதுண்ணா."

உள்ளே ஜோஸ் இருமினான். டெய்சி எழுந்து ஓடினாள்.