எல்டர்பெக் சன்னல்

மிஸ் பெல்லமி தன் தோட்டத்தில் ஓர் இடிபாடு கட்டித் தரும்படி கொத்தனாரிடம் கேட்டார். அப்போது நான் பக்கத்தில் நின்றேன்.

1958, தை மாதம். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பழனி. மிஸ் பெல்லமியின் பங்களாவில் பின்னறையில் குடியிருந்தேன். அவரும் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இளம்பெண்ணாகச் சீமையிலிருந்து கப்பலில் வந்தவர், திரும்பிப் போகவில்லை. ஊரில் இருந்த அக்காளும் இறந்துவிட்டாள்.

அவர் பிறந்த ஊர் எல்டர்பெக். அங்கே ஒரு பழைய மடம். சாயங்காலங்களில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பற்றிச் சொல்வார். எண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு பனிக்காலத்தில் பன்னிரண்டு துறவிகள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். முதல் வருடம் மரத்தடியில் படுத்தார்கள். இலைகளை அவித்துத் தின்றார்கள். பிறகு ஆடு வளர்த்தார்கள். கம்பளியை விற்றுக் கோயில் கட்டினார்கள். கட்டி முடிக்க நூறு வருடம் ஆனது. தொடங்கியவர்களில் ஒருவரும் முடிவைப் பார்க்கவில்லை. அதன் பிறகு பல தலைமுறை அதற்குள் பாட்டுச் சத்தம் ஓயவில்லை. கடைசியில் ஓர் அரசன் மடங்களை எல்லாம் மூடச் சொன்னான். ஆட்கள் வந்து கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகட்டை உரித்தார்கள். துறவிகள் உட்கார்ந்து பாடிய பலகைகளையே எரித்து அந்த ஈயத்தை உருக்கினார்கள். அன்றிலிருந்து உள்ளே மழை பெய்தது.

மிஸ் பெல்லமியின் காலத்தில் மிஞ்சியிருந்தது ஒரு சுவர். அதில் ஒரு பெரிய சன்னல். சன்னலுக்கு உச்சி இல்லை. இடது பக்கத் தூண் வளையத் தொடங்கும் இடத்தில் முறிந்திருந்தது. வலது பக்கம் அதைவிடத் தாழ்வு. அக்காளும் தங்கையும் அதன் அடியில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். மேலே பார்த்தால் சன்னல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சிறுவயதில் அதை அவர் அதிசயம் என்று நினைக்கவில்லை. எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்திருந்தார்.

அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார். மதுரை டாக்டர் இதைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார். குழாய் இன்னும் சிறுத்துப் போவதற்குள் அந்தச் சன்னலை ஒரே பார்வையில், முழுதாக, ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"ஒருமுறை ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்றேன்.

"போனால் யார் வீட்டில் இறங்குவேன்?" என்றார்.

சேனாதிபதி நாயுடுபுரத்துக் கொத்தனார். ஏரிக்கரை பங்களாக்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. அக்காள் வரைந்த வண்ணப் படம் ஒன்றை மிஸ் பெல்லமி அவரிடம் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன எடம், டீச்சரம்மா?"

"மடம்."

"மடமா? நம்ம பழனி மடம் மாதிரியா? சோறு போடுவாங்களா?"

"வழிப்போக்கருக்கு உணவளித்தார்கள்" என்றார் மிஸ் பெல்லமி. அவருடைய தமிழ் முழுவதும் புத்தகத்தில் கற்றது. "ஆடுகளையும் வளர்த்தார்கள்."

"சாமியாரா, கீதாரியா?"

"இரண்டும்."

"சோறு போட்ட மடத்த எவன் இடிச்சான்?"

"அரசன்."

"அவன் வெளங்கியிருப்பானா?"

மிஸ் பெல்லமி யோசித்தார். "மிகவும் பருத்துப்போய் இறந்தான்."

சேனாதிபதிக்கு அது போதுமானதாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"சரிங்க, கட்டிரலாம். மேல எப்பிடி முடிக்க?"

"முடிக்கக் கூடாது. படத்தில் இருக்கிறபடி விட்டுவிட வேண்டும்."

"மூளியாவா?"

"ஆம்."

அவர் என்னைப் பார்த்தார். "மூளியாவா விடச் சொல்றாங்க, டீச்சரம்மா?" என்று என்னிடமும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளனே ஆட்களோடு வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்.

பேத்துப்பாறைப் பக்கமிருந்து கல் வந்தது. மிஸ் பெல்லமி தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"அந்தக் கல் அதிக அழகாக இருக்கிறது. கொஞ்சம் கெடுங்கள்."

சேனாதிபதி உளியைக் கீழே வைத்தார். தன் ஆள் சின்னச்சாமியிடம், "கல்ல செதுக்கக் கூலி குடுத்தவங்கள பாத்திருக்கேன்லே. கெடுக்கக் கூலி குடுக்கிறவங்கள இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

"நமக்கு வாகான சோலிதான மாமா" என்றான் சின்னச்சாமி.

மிஸ் பெல்லமிக்கு இது புரிந்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சுவர் இடுப்பளவு எழுந்தபோது மதுரையிலிருந்து டாக்டர் வரச் சொன்னார். நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். புறப்படுமுன் மிஸ் பெல்லமி ஒரு மூங்கில் கழியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு, இடது பக்கம் இவ்வளவு, வலது பக்கம் இவ்வளவு, அதற்கு மேல் ஒரு கல்லும் கூடாது என்று காட்டினார். சேனாதிபதி கழியை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நினைத்ததைவிட நாள் ஆனது. மாசி கடைசியில் திரும்பினோம். பஸ் மலை ஏறும்போது மிஸ் பெல்லமி வெளியே பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பார்வையை மிச்சம் வைப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்துக் கதவைத் திறந்ததும் நான்தான் முதலில் பார்த்தேன். சன்னல் முழுதாக நின்றது. இரண்டு தூண்களும் ஒரே உயரத்தில் எழுந்து, வளைந்து, மேலே கூர்மையாகச் சேர்ந்திருந்தன. உச்சியில் இரண்டு பக்கத்தையும் பிணைக்கும் பூட்டுக்கல். அதில் ஒரு தாமரை மொட்டு. இன்றுவரை கொடைக்கானலில் அவ்வளவு நல்ல சன்னலை நான் பார்த்ததில்லை.

மிஸ் பெல்லமி அதன் முன் நின்றார். தலையை உயர்த்தினார். பிறகு பின்பக்கம் போய் நின்று பார்த்தார்.

"இது யாருடைய சன்னல்?" என்றார்.

சேனாதிபதியை வரவழைத்தேன். வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"இதை இடியுங்கள்."

"மாட்டேங்க."

"நான் கழியில் குறித்துக் கொடுத்தேன்."

"குடுத்தீங்க. நானும் அந்தக் கோட்டுலதான் நிறுத்தினேன். ரெண்டு நாளு நிறுத்திப் பாத்தேன். முடியல." என் பக்கம் திரும்பினார். "வீட்டுல முழுகாம இருக்கு, டீச்சரம்மா. இதுக்கு முந்தி ரெண்டு தங்கல. வயித்துல புள்ளய வச்சுக்கிட்டுப் புதுசா வீடே கட்டக் கூடாதும்பாங்க. கொத்தன் அதெல்லாம் பாத்தா முடியுமா, வேற சோலி இல்ல. அதுக்காக எடுத்த வேலைய மூளியா விட்டா? கையில்லாம காலில்லாம பொறந்தா நான் யாருகிட்டப் போயி அழ?"

"முன்பே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா வேற ஆளுக்குக் குடுத்திருப்பீங்க. மடத்து வேலைன்னு ஆசைப்பட்டுட்டேன்."

நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். மிஸ் பெல்லமி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாயுடுபுரத்தில் வேறு கொத்தனார்களும் இருந்தார்கள். இரண்டு பேரிடம் நானே போய்க் கேட்டேன். "அவன் பொஞ்சாதி வள்ளிக்கு இது மூணாவது. அந்தக் கல்லுல நாங்க கை வைக்க மாட்டோம்" என்றார்கள். அடுக்கம் கிராமத்திலிருந்து ஆள் கூட்டிவரலாம் என்று மிஸ் பெல்லமி சொன்னார். சொன்னாரே தவிர அனுப்பவில்லை. அந்த நாட்களில் அவர் காலையில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். டீக்கோப்பையைத் தட்டில் வைக்கும்போது அது தட்டின் விளிம்பில் இடித்தது. முன்பெல்லாம் அப்படி இடிக்காது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஏழு மாத வயிறோடு ஒரு பெண். கையில் கடப்பாரை.

"தொரசாணியம்மா இருக்காங்களா? நான் சேனாதிபதி சம்சாரம், வள்ளி."

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"எந்தச் சன்னலுன்னு காட்டுங்க. வெரசா முடிச்சிட்டுப் போறேன். அந்த மனுசன் ஒரு பயந்தாங்கொள்ளி. ராத்திரி முழுக்க எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருது."

மிஸ் பெல்லமி சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"உங்களுக்குப் பயமில்லையா?" என்றார்.

"இருக்குங்க. அதான் வந்தேன்." வள்ளி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். "உங்களுக்குக் கண்ணு போகுதுன்னு சொன்னாங்க. பாக்கணும்னு நீங்க ஆசைப்பட்டத நாங்க மறிச்சுட்டோம். மூளி தோசம் ஒண்ணுன்னா, கண்ணு போறவங்க ஆசைய மறிச்சது ஒம்பது. அது மட்டும் புள்ளைக்கு ஆகுமா? அந்த மனுசனுக்கு இது ஒறைக்கவே மாட்டேங்குது."

மிஸ் பெல்லமி அவளுடைய வயிற்றை நோக்கித் தலையைச் சாய்த்தார். பார்வைக்குள் கொண்டுவருவதற்காக மெதுவாக இறக்கினார். உள்ளே பிள்ளை அசைந்திருக்க வேண்டும். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அதை என்னிடம் கொடுங்கள்."

"கனமுங்க."

"கொடுங்கள்."

வாங்கினார். கனம் தாங்காமல் அதன் முனை தரையில் இடித்தது. இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு தன் படுக்கையறைக்குப் போனார். கட்டிலுக்கு அடியில் உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து வள்ளியிடம், "பிள்ளை பிறந்த பிறகு உம்முடைய கணவர் வந்து கடப்பாரையைப் பெற்றுக்கொள்ளட்டும். இப்போது தேநீர் அருந்தும்" என்றார்.

"அதுக்குள்ள உங்க கண்ணு?"

"சர்க்கரை எவ்வளவு?"

வள்ளி என்னைப் பார்த்தாள். பிறகு, "நெறையாப் போடுங்க" என்றாள்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. கையும் காலும் சரியாக இருந்தன. தொண்டை அதிகம் என்று சின்னச்சாமி வந்து சொன்னான். முப்பது நாள் தீட்டுக் கழித்து ஆனியில் சேனாதிபதி வந்தார். ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சுவரின் இரண்டு பக்கமும் வைத்தார். பூட்டுக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படுக்கையறையிலிருந்து கடப்பாரையை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

அதற்குள் மிஸ் பெல்லமிக்குக் குழாய் மோதிர அளவுக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் ஒரு சொல் தெரியும், அடுத்தது தெரியாது. நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

சேனாதிபதி சாரத்தில் ஏறி முட்டுக் கொடுத்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார். கீழே சின்னச்சாமி வாங்கி வைத்தான்.

"போதுமாங்க?"

"வலது பக்கம் இன்னும் ஒரு கல்."

"போதுமாங்க?"

"அந்தக் கல்லைப் பாதியாக உடையுங்கள்."

"பொறந்ததுக்கு அப்புறமும் மனசு வர மாட்டேங்குது, டீச்சரம்மா" என்றார் சேனாதிபதி. ஆனாலும் உடைத்தார்.

உச்சி போய்விட்டது. சாரத்தை அவிழ்த்தார்கள். இரண்டு தூண்களுக்கும் நடுவே யூகலிப்டஸ் மரங்களும், அதற்கு மேலே மேகமும் தெரிந்தன. சேனாதிபதி இறங்கி வந்து கையைக் கழுவினார். பெயர்த்த கற்களைக் காட்டி, கொஞ்சம் தயங்கி, "இதெல்லாம் இங்க சும்மாத்தான கெடக்கும்? வீட்டுல ஒரு ரூமு எடுக்கேன். வாசல் நெலைக்கு மேல வைக்க ஆகும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மிஸ் பெல்லமி சிரித்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அரசனுடைய ஆட்கள் போன மறுநாளே எல்டர்பெக்கில் இதுதான் நடந்தது என்றார். ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தொழுவம், பாலம், கிணற்றுச் சுவர் எல்லாம் மடத்துக் கல். தங்கள் வீட்டு அடுப்படிப் படியில் யாரோ ஒரு புனிதரின் பாதம் செதுக்கியிருந்தது, தாம் தினமும் அதன்மேல்தான் காலை வைத்து இறங்கியது என்றார். இதை அவர் என்னிடம் அதுவரை சொன்னதில்லை.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் சேனாதிபதியிடம். "எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

சின்னச்சாமி சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டான். தாமரை மொட்டுக் கல்லைச் சேனாதிபதி தானே தோளில் தூக்கிக்கொண்டார். இருவரும் கதவைத் தாண்டும்வரை மிஸ் பெல்லமி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியைச் சன்னலுக்கு நேராக, கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். போட்டேன். இன்னும் தள்ளிப் போடச் சொன்னார். எவ்வளவு தள்ளிப் போட்டாலும் அது அவர் பார்வைக்குள் முழுதாக அடங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பக்கத்திலேயே கொண்டுவந்து போடச் சொன்னார். உட்கார்ந்தார். இடது தூணின் அடியில் தொடங்கினார். தலையை மெல்ல மெல்ல உயர்த்தி, ஒரு கல், அடுத்த கல் என்று மேலே போனார். முறிந்த இடத்துக்கு வந்ததும் நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.